விலையைப் பார்த்து நாற்று நடாதீர்கள்



ஆடி பிறந்துவிட்டது. ஆடி என்றால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "டீச்சர், மாடியில தக்காளி போடலாமா?" என்பார்கள். ஒட்டன்சத்திரம், அய்யலூர்ப் பக்கம் வெள்ளாமை பார்க்கும் பிள்ளைகள், "விலை ஏறுது டீச்சர், இன்னும் ஒரு ஏக்கர் சேர்த்துப் போடலாம்னு இருக்கேன்" என்பார்கள். முதல் கேள்விக்கு என் பதில்: தாராளமாகப் போடு. இரண்டாவதற்கு: கொஞ்சம் பொறு, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்று வாங்கு.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். விதை முளைத்து நாற்றாக 25 நாள். நட்ட பிறகு முதல் பறிப்புக்கு 65 முதல் 70 நாள். ஆக, இன்று சந்தையில் சொல்லும் விலை இன்று பறிப்பவருக்கு மட்டும்தான். இன்று நடுகிறவருக்கு இரண்டு மாதம் கழித்து வரும் விலைதான் விலை. அந்த விலையைத் தீர்மானிப்பது யார்? இன்று அவரோடு சேர்ந்து நட்ட அத்தனை பேரும்தான்.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. நாடு முழுக்க அதுவே பேச்சு. செப்டம்பரில் என்ன ஆனது? மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் வாங்க ஆளில்லாமல் சாலையோரத்தில் கொட்டினார்கள். விலை ஏறியபோது நட்டதெல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் வேறென்ன ஆகும்?

நம் ஒட்டன்சத்திரத்துக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. 15 கிலோ பிடிக்கும் ஒரு பெட்டி 60 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். கிலோ 4 ரூபாய். அதில் பறிகூலி, வேன் வாடகை, கமிஷன் கழித்தால் மிச்சம் என்ன? அந்த நிலையில் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதுதான் லாபம். நகையை அடகு வைத்து மருந்து அடித்தவர் நிலைமையை யோசியுங்கள்.

இதனால் ஆடியில் தக்காளியே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் சமவெளிக்கு இது நல்ல பட்டம். சித்திரை, வைகாசி வெயிலில் தக்காளி பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காது. பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் புழுக்கமாகவே இருந்தால் பூ உதிர்ந்துவிடும். ஆடியில் நாற்றுவிட்டு ஆவணியில் நட்டால், புரட்டாசியில் பூத்து, வெயில் தணியத் தணியக் காய் பிடிக்கும். வெயில் ஊர்களுக்கெல்லாம் இதே கணக்குதான். அமெரிக்காவின் புளோரிடாவில்கூட கோடையை விட்டுவிட்டு ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அடுத்த தக்காளியை நடுகிறார்கள்.

நமக்குக் கூடுதலாக ஒரு பரீட்சை உண்டு, ஐப்பசி மழை. நம் மாவட்டத்து ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்த மழைக்கு முன்பே செடி வேர் பிடித்து, குச்சி கட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு அவசரமாக நட்ட நாற்று அழுகும், நட்டவர் கடனாளி ஆவார்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் டீச்சர் அல்லவா, சொல்லிவிடுகிறேன். நாற்றை வலைக்குள் வளருங்கள். இலைச் சுருட்டை நோயைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. சின்ன வயதில் நோய் வாங்கிய செடி பிறகு தேறாது. மேட்டுப்பாத்தி போட்டுத் தண்ணீர் வடிய வழி விடுங்கள். கத்தரி, மிளகாய் இருந்த இடத்தில் உடனே தக்காளி வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோயும் ஒன்றே. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுங்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவைத் தேடிப் போகும். நிலக்கோட்டைச் சீமையில் செண்டுமல்லிக்கா பஞ்சம்?

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

விலை விழும்போதெல்லாம் குளிர்பதனக் கிடங்கு வேண்டும், தொழிற்சாலை வேண்டும் என்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தக்காளி உருளைக்கிழங்கு இல்லை, மாதக்கணக்கில் கிடங்கில் இருக்காது. அதிகமாக விளைந்த பிறகு வழி தேடுவதைவிட, எவ்வளவு விளையப்போகிறது என்று முன்பே தெரிந்துகொள்வது மேல். அதற்கு ஜோசியம் வேண்டாம். நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு இன்றே தெரியும்.

இப்போது பெரும்பாலானோர் குழித்தட்டு நாற்றைத்தான் விலைக்கு வாங்கி நடுகிறார்கள். ஒவ்வொரு பண்ணையும் இந்த வாரம் எத்தனை தக்காளி நாற்று விற்றது என்று வாசல் பலகையில் எழுதினால் போதும். யாருக்கு விற்றோம் என்று எழுத வேண்டாம். அந்த எண்களை ஒருவர் கூட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டால், 70 நாள் கழித்து வரப்போகும் வரத்து உங்கள் கையில் இருக்கும். போன வாரம் நிறைய விற்றிருந்தால் இந்த வாரம் பாதி நிலத்தில் அவரை போடுங்கள், மிச்சத்தை இரண்டு வாரம் தள்ளி நடுங்கள். ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் காய்கறி மகத்துவ மையமும் நாற்று வளர்க்கிறது. இந்தக் கணக்கை அங்கிருந்தே தொடங்கினால் தனியார் பண்ணைகளும் பின்னால் வரும்.

"கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வருகிற லோடை யார் எண்ணுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கணக்கு முழுக் கணக்கு ஆகாதுதான். ஆனால் ஒன்றும் தெரியாமல் நடுவதைவிடப் பாதி தெரிந்து நடுவது மேலல்லவா? "எண்ணிக்கையைச் சொன்னால் வியாபாரம் குறையும்" என்று பண்ணை வைத்திருக்கும் பிள்ளைகள் தயங்கலாம். ஐப்பசியில் பழத்தைக் கொட்டியவர் தையில் உங்களிடம் நாற்று வாங்க வருவாரா? விவசாயி பிழைத்தால்தான் உங்களுக்கும் வியாபாரம்.

மாடியில் வளர்க்கும் உறவுகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 விதை வாங்குங்கள், நம் பக்கத்து அன்னஞ்சி ரகத்திலிருந்து வந்தது. பைக்கு ஒரு செடி, பத்துப் பை போதும். இலையில் படாமல் வேரில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் காயின் அடி கறுத்துப்போகும். மழை வருகிற மாதிரி இருந்தால் செங்காயாகவே பறித்துவிடுங்கள், வெடிக்காது, வீட்டில் பழுத்துவிடும்.

மற்ற நாளில் கடையில் வாங்குங்கள். கிலோ பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதிலும் பேரம் பேசாதீர்கள்.

நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் என் மாணவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்த வாரமே ஒரு கரும்பலகை மாட்டுங்கள். சாக்பீஸ் நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்