அழிக்கும் பொத்தான் ஏ.ஐ. கையில்!

ஆயிரக்கணக்கான பெயர்கள் திடீரென்று மாயம்!

அழித்தது மனிதன் அல்ல, எந்திரம். அதுவும், "எதையும் மாற்றாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு!

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் இது நடந்தது.

அங்கே ஜேசன் லெம்கின் என்ற தொழில் அதிபர், "ரெப்ளிட்" கம்பெனியின் ஏ.ஐ. ஏஜெண்டை வைத்து மென்பொருள் செய்து பார்த்தார். ஏ.ஐ. ஏஜெண்ட் என்றால் என்ன? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு அது நிற்காது. தானே கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்து வேலையை முடிக்கும். சம்பளம் கேட்காத வேலையாள்!

ஒன்பதாம் நாள் அந்த வேலையாள் தகவல் பெட்டகத்தையே அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் போயின. "திரும்பக் கொண்டுவர முடியாது" என்றும் அது சொன்னது.

அதுவும் தவறு! பழைய நிலைக்குத் திருப்பும் வசதியை லெம்கின் பயன்படுத்திப் பார்த்தார். தகவல்கள் திரும்பி வந்தன. ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார்.

தன் கையில் உள்ள கருவி எதை அழிக்கும், எதை மீட்கும் என்பது அந்த ஏஜெண்டுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

"கிளவுட்" என்றால் வானத்து மேகம் அல்ல. எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர்கள்தான் அது. அவற்றை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அத்தகைய கட்டடங்கள் உண்டு.

அங்கே உள்ள சர்வரில் குழப்பம் ஏற்பட்டால், அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க ஒரு கருவி இருக்கும். அதற்கு "ரீசெட்" என்று பெயர். இப்போது இந்தக் கருவியையும் ஏஜெண்டுகளிடம் ஒப்படைக்கிறார்கள்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கருவேப்பிலங்குறிச்சிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அச்சில் வார்த்த அகல் விளக்கு கோணலாகிவிட்டால், அதைத் தண்ணீரில் கரைத்து மறுபடியும் வார்க்கலாம். சூளையில் வெந்த பிறகு? உடைக்கலாம். பழையபடி களிமண் ஆக்க முடியாது!

சர்வரிலும் அப்படித்தான். அதில் ஓடும் மென்பொருள் பச்சை மண். அழிந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். மக்களின் பெயர், கணக்கு, பத்திரம் எல்லாம் சுட்ட மண். பிரதி இல்லாமல் அழிந்தால் போனது போனதுதான்.

குறிப்பில் இருக்க வேண்டியவை

ஆகவே, ரீசெட் கருவியோடு தெளிவான குறிப்பும் எழுதித் தரவேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும்?

பொத்தானை அழுத்தினால் எது அழியும்? எது நிற்கும்?

அது சோதனை சர்வரா? மக்கள் பயன்படுத்தும் சர்வரா?

பிரதி எங்கே இருக்கிறது? அது வேலை செய்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

யாருடைய சம்மதம் வேண்டும்?

அரைகுறைக் குறிப்பைப் பார்த்தால் அனுபவசாலி தயங்குவார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். ஏஜெண்டோ, எழுதாமல் விட்ட இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே போய்விடக்கூடும். அதனால்தான் அதற்கு எழுதும் குறிப்பில் கூடுதல் கவனம் தேவை.

மனிதரும் தப்பவில்லை

எந்திரத்தை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. 2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி "கிட்லேப்" கம்பெனியில் ஒரு என்ஜினீயர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். 300 ஜிகாபைட் தகவலில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்தான்!

பிரதி எடுக்க 5 வழிகள் வைத்திருந்தார்கள். சமயத்தில் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. வேறு ஒரு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்தில் சேர்ந்தவை போய்விட்டன.

பூட்டும் வேண்டும்

அப்படியானால் குறிப்பு எழுதினால் போதுமா? போதாது. லெம்கினும் "மாற்றாதே" என்று எழுதித்தான் கொடுத்தார். ஏஜெண்ட் கேட்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரெப்ளிட் கம்பெனி, சோதனைப் பெட்டகத்தையும் உண்மைப் பெட்டகத்தையும் தனித்தனியாகப் பிரிக்க ஏற்பாடு செய்தது. சொல்லைக் கேட்காத கை, பூட்டைத் தாண்ட முடியாது அல்லவா?

எங்கோ அமெரிக்காவில் நடந்ததுதானே என்று இருந்துவிட முடியாது. இன்று நிலத்தின் பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் பார்க்கிறோம். பாங்கிக் கணக்கும் ரேஷன் அட்டை விவரமும் சர்வர்களில்தான் இருக்கின்றன. நாளை அந்த சர்வர்களைப் பராமரிக்கும் வேலை ஏஜெண்டுகளிடம் போகலாம்.

போகட்டும். ஆனால், குறிப்பு தெளிவாக இருக்கட்டும். பிரதி பத்திரமாக இருக்கட்டும். அழிக்கும் பொத்தானின் சாவி மட்டும் பொறுப்புள்ள மனிதர் கையில் இருக்கட்டும்!