தாலி தடுக்கும் வாசல்

பள்ளிக்கரணையில் ஒரு பெண் தனியாக வாடகை வீடு தேடினால் முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சா?” இல்லை என்றால் வீடு இல்லை. அவளே வேலை தேடிப் போனாலும் அதே கேள்விதான். ஆமாம் என்றால் வேலை இல்லை.

மிகைப்படுத்தவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை மணமான பெண்களைத் திட்டமிட்டு ஒதுக்குகிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நேர்காணலுக்கு வந்த சகோதரிகள் இருவரிடம் வாசல் காவலாளி கேட்டதும் இதே கேள்விதான். உள்ளே போகாமலே திரும்பினார்கள். கல்வியோ கைத்திறனோ கேட்கப்படவே இல்லை.

சொல்லப்பட்ட காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, பிரசவம், விடுப்பு. போதாக்குறைக்குத் தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சலாம். ஆனால் வேலை குவியும் மாதங்களில் இந்தத் தடை தளர்ந்துவிடும் என்கிறது அதே செய்தி. அந்த மாதங்களில் மட்டும் மெட்டி உறுத்தாதா? பிள்ளைக்குக் காய்ச்சல் வராதா?

நிறுவனம் மறுத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் என்றது. அப்படியானால், ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் திருமண நிலையைக் குறிப்பிடாதீர்கள் என்று முகவர்களிடம் பிறகு சொல்ல வேண்டி வந்தது ஏன்?

இது புதிய வாதமும் அல்ல. மணமான பெண்கள் அதிகம் விடுப்பு எடுப்பார்கள் என்று பம்பாய் மருந்து நிறுவனம் ஒன்று வாதாடியதை 1965இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மணமான பெண்ணுக்குப் பணி உரிமை இல்லை என்ற வெளியுறவுப் பணி விதியை எதிர்த்து சி.பி. முத்தம்மா வழக்காடியது 1979இல். ஃபாக்ஸ்கான் விவகாரத்தில் ஒன்றிய அரசு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் சட்டம் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுத்தது; திருமண நிலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் காவலாளியின் கேள்வி நுழைகிறது.

மணமாகாத பெண்கள்மீது இவர்களுக்குப் பாசம் என்றும் நினைக்க வேண்டாம். கொங்கு மண்டல நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ நினைவிருக்கிறதா? மூன்றாண்டு உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்றார்கள். அங்கே தாலி தூண்டில். இங்கே தாலி தடை. இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது விடுதியில் அடைத்துவைக்கக்கூடிய, கேள்வி கேட்காத இளம் உடல். அந்த உடலும் கேள்வி கேட்கும் என்பதை, விடுதி உணவு நஞ்சானபோது 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பெண்கள் காட்டினார்கள்.

என் மாணவிகள் பட்டத்தோடு ஓஎம்ஆர் நேர்காணல்களுக்குப் போகிறார்கள். கண்ணாடிக் கட்டடத்துக்குள் கேள்வி நாகரிகமாக மாறுகிறது: “அடுத்த அஞ்சு வருஷத் திட்டம் என்ன?” கேட்பவர் அறிய விரும்புவது கல்யாணத் தேதியை.

திருமண நிலையை வைத்து வேலை மறுப்பது குற்றம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆள்சேர்ப்பு முகவரையும் அது கட்டுப்படுத்த வேண்டும். அதுவரை, தோழிகளே, அந்தக் கேள்வி வரும்போது திருப்பிக் கேளுங்கள்: “இதை ஆண்களிடமும் கேட்கிறீர்களா?”