பிறந்ததே குற்றமா?

குழந்தைக்கு நான்கு வயதில் இதயத்துளை கண்டறியப்படுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபின், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒற்றை வரியில் பதில் வருகிறது: ‘பிறவிக் குறைபாடு, தொகை வழங்க இயலாது.’ பெற்றோர் பலர் அவ்வரியைத் தீர்ப்பாக எண்ணி, நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குச் செல்கின்றனர். அது தீர்ப்பன்று; வணிக நிறுவனமொன்றின் கருத்து. அதுவும் விதிக்கு முரணான கருத்து.

மருத்துவக் காப்பீட்டில் எவற்றை விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரிலேயே பட்டியலிட்டது. உடலின் உள்ளே அமைந்த பிறவி நோய்களும் மரபணு நோய்களும் அப்பட்டியலில் உள்ளன. கண்ணுக்குப் புலப்படும் புறக் குறைபாடு வேறு, இதயத்துளை வேறு. இரண்டையும் ‘பிறவி’ என்னும் ஒரே சொல்லில் அடைப்பதை அறியாமை என்று கொள்வதற்கில்லை. அச்சொல்லை அன்றாடம் கையாள்பவை இந்நிறுவனங்களே.

அக்காரணம் நில்லாதபோது, ‘பாலிசிக்கு முன்பே இருந்த நோய்’ என்னும் அடுத்த காரணம் வருகிறது. பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த அல்லது சிகிச்சை பெற்ற நோயையே விதி அவ்வாறு அழைக்கிறது. எவரும் அறியாதிருந்த துளையை எவர் மறைத்திருக்க இயலும்?

நோயை மறைத்துப் பாலிசி பெறுவோரால் அனைவரின் பிரீமியமும் உயர்கிறது என்பது நிறுவனங்களின் வாதம். வாதம் பொய்யன்று. அதற்காகவே, முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் விதிக்க அவற்றுக்கு அனுமதி உண்டு. அந்தப் பாதுகாப்பையும் பெற்று, ஆண்டுதோறும் பிரீமியத்தையும் பெற்று, குழந்தை மருத்துவமனையில் படுத்தபின் சொல்லுக்குப் புதுப்பொருள் தேடுவது எவ்வகை நேர்மை?

எந்தப் பாலிசி விதியின்படி மறுக்கப்பட்டது என்பதை நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, உரிய ஆய்வுக்குழுவின் ஒப்புதலின்றி எக்கோரிக்கையையும் நிராகரிக்க இயலாது. பெற்றோர் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

கடன் வாங்கிச் சிகிச்சை முடிந்துவிட்டாலும் இவ்வுரிமை அழிவதில்லை. ஆனால் அதற்கு ஓராண்டுக் கெடு உண்டு. பெற்றோர் சோர்ந்து அக்கெடுவைக் கடக்கவிடுவதே அந்த ஒற்றை வரிக்கு வலிமை தருகிறது.