பிரசவத்துக்குப் பிறகான முதல் 2 மணி நேரம்... ரீல்ஸில் வராத காட்சி!

உங்கள் இன்ஸ்டா ஃபீடிலும் வந்திருக்கும். மங்கலான வெளிச்சம், தண்ணீர் நிரப்பிய தொட்டி, பின்னணியில் புல்லாங்குழல். மூச்சை இழுத்து இழுத்து விட்டு வலியைக் கடக்கிற ஒரு பெண். அடுத்த காட்சியில் அவள் மார்பின் மேல் குழந்தை. 'ஊசி இல்லை, கத்தி இல்லை' என்று கேப்ஷன். ஒரு ஹார்ட் தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பீங்க. நானும் தட்டியிருக்கேன்.

கவனிச்சுப் பாருங்க, குழந்தை அழுததும் அந்த வீடியோ முடிஞ்சிடும். ஆனால், தாயின் உயிருக்கு ஆபத்தான நேரம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்குது.

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கால் இறந்துபோனார். 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் ஒரு தம்பதி, வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டிலேயே குழந்தை பெற்றுக்கொண்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை, விஷயம் போலீஸ் விசாரணை வரை போனது. அந்தக் குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆறு வருட இடைவெளியில், யூடியூபின் இடத்துக்கு வாட்ஸ்அப் வந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இவர்களை 'படிச்ச முட்டாள்கள்' என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. இந்திய சராசரியோ 21.5தான். அதற்கு முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 34 ஆக இருந்தது. தமிழ்நாட்டுப் பெண்களின் இடுப்பெலும்பு சில வருடங்களில் சுருங்கிவிடவில்லையே! 'ஆஸ்பத்திரிக்குப் போனாலே கீறிடுவாங்க' என்று ஒரு கர்ப்பிணி நினைத்தால், அவள் கற்பனை பண்ணுகிறாள் என்று சொல்ல முடியாது. லேபர் வார்டில் வாங்கிய திட்டுகளைப் பற்றி உங்கள் அக்காவிடமோ, அண்ணியிடமோ கேட்டாலும் ஒரு கதை வரும்.

கோபம் நியாயம். ஆனால், அந்தக் கோபத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? அங்கேதான் ரத்தம் பற்றிப் பேசணும்.

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில், நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போய்வருகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்துகிடக்கும். கர்ப்பப்பையின் தசைகள் இறுகிச் சுருங்கி, அந்தக் குழாய்களை நெரித்து மூடும். கிட்டத்தட்ட எல்லாப் பிரசவத்திலும் இது தானாக நடந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் கர்ப்பப்பை சுருங்காமல் தொளதொளவென்று கிடக்கும். அப்போது குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 45,000 பெண்கள் இப்படி இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

'எனக்கு பி.பி இல்லை, சுகர் இல்லை, முதல் குழந்தையும் சுகப்பிரசவம்தான்' என்று நீங்க சொல்லலாம். இந்த ரத்தப்போக்கு வருகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு முன்கூட்டியே எந்த அறிகுறியும் இருப்பதில்லை என்பதுதான் சிக்கலே. ஸ்கேனில் தெரியாது, ரத்தப் பரிசோதனையில் தெரியாது. நடக்கும்போதுதான் தெரியும்.

நடக்கும்போதாவது சரியாகத் தெரியுமா என்றால், அதுவும் இல்லை. டாக்டர்களும் நர்ஸ்களும் காலங்காலமாக ரத்தத்தைக் கண்ணால் பார்த்து, 'ஒரு 300 மில்லி இருக்கும்' என்று குத்துமதிப்பாகத்தான் சொல்லிவந்தார்கள். துணியில் ஊறியது எவ்வளவு, தரையில் சிந்தியது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? கர்நாடகாவின் பெலகாவியில் 2000-களில் ஓர் ஆய்வு நடந்தது. பிரசவமானதும் பெண்ணின் இடுப்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனியில் புனல் மாதிரி ஒரு பை, பையில் அளவுக் கோடுகள். அவ்வளவுதான் கருவி. அதில் அளந்ததோடு ஒப்பிட்டால், கண் மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதாவது, முக்கால் லிட்டர் போயிருக்கும்போது 'அரை லிட்டர்தான், பார்த்துக்கலாம்' என்று அனுபவமுள்ள கண்களே நினைத்திருக்கும். வீட்டில் பதறிப்போய் நிற்கும் கணவரின் கண் என்ன சொல்லும் என்று நீங்களே யோசிங்க.

அந்த விரிப்பின் முழு பலம் 2023ல் தெரிந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் அதிகமான சுகப்பிரசவங்கள். 'ஈ-மோட்டிவ்' என்பது ஆய்வின் பெயர். பாதி மருத்துவமனைகளில் கோடு போட்ட விரிப்பைக் கொடுத்தார்கள். ரத்தம் எல்லை தாண்டினால், ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பப்பையை அழுத்தித் தேய்ப்பது, அது சுருங்க மருந்து, ரத்தம் உறைய டிரானெக்சாமிக் ஆசிட், டிரிப்ஸ், எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பரிசோதனை... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். மீதி மருத்துவமனைகளில் வழக்கமான முறை.

வழக்கமான முறையில், ஆபத்தான ரத்தப்போக்கில் கிட்டத்தட்ட பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள். விரிப்பு இருந்த இடங்களில் 93 சதவிகிதம். ஒரு லிட்டருக்கு மேல் ரத்த இழப்பு, அதற்காக வயிற்றைத் திறந்து ஆபரேஷன், மரணம் என மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், 4.3 சதவிகிதமாக இருந்தது 1.6 ஆக இறங்கியது. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும், உடனே ஓடிவர பழக்கப்பட்ட கைகளும் செய்த வேலை இது.

அந்தப் பட்டியலில் உள்ள டிரானெக்சாமிக் ஆசிட்டுக்குத் தனிக்கதை உண்டு. அதைக் கண்டுபிடித்து 1962ல் அறிவித்தவர்கள் உடாகோ ஒகமோட்டோ என்கிற ஜப்பானிய விஞ்ஞானியும் அவருடைய கணவரும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண் அவர். பிரசவ ரத்தப்போக்கில் பெண்கள் சாவதைத் தடுக்கணும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால், பிரசவமான பெண்களிடம் அதைச் சோதித்துப் பார்க்க உள்ளூர் டாக்டர்களை அவரால் சம்மதிக்க வைக்க முடியவில்லை. மருந்து வேறு வேறு சிகிச்சைகளுக்குப் போனது. 20,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017ல்தான் வந்தது. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால், ரத்தப்போக்கு மரணங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன. அதைக் கேட்க ஒகமோட்டோ இல்லை. முந்தைய வருடம்தான், 98 வயதில் காலமாகியிருந்தார்.

2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் விதியை இன்னும் இறுக்கியது. முன்பெல்லாம் அரை லிட்டர் என்பதுதான் எச்சரிக்கை மணி. இப்போது, 300 மில்லி போயிருந்து நாடித்துடிப்போ, ரத்த அழுத்தமோ சரியில்லை என்றாலே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

'வெளிநாட்டில் வீட்டுப் பிரசவம் சட்டப்படியே நடக்குதே' என்ற கேள்வி கமென்ட்டில் வரும், தெரியும். நடக்குது. இங்கிலாந்தில் அதற்குப் பயிற்சி பெற்ற மிட்வைஃப், மருந்துப் பையோடு வீட்டுக்கு வருவார். ஆபத்து குறைவு என்று முன்பே பார்த்த பெண்களுக்குத்தான் அது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அப்படியும், அங்கே 2011ல் வெளியான பெரிய ஆய்வில், முதல் பிரசவத்தை வீட்டில் திட்டமிட்ட பெண்களில் 45 சதவிகிதம் பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. மிட்வைஃப் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு செய்வதற்கும் அதற்கும் ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பம்.

தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. வீட்டில் பெற்றுக்கொள்கிறவர்கள் மிகச் சிலர். அதனால், என் கேள்வி மருத்துவமனைகளிடமும்தான். குழந்தையைக் குளிப்பாட்டி, போட்டோ எடுத்து, சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிற அந்தப் பரபரப்பில், கட்டிலில் படுத்திருப்பவளின் நாடியைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது பார்க்கிறார்களா? ரத்தத்தை அளக்கிறார்களா, குத்துமதிப்பா? சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பொறுமை, காத்திருந்த பிறகு கண்காணிக்கும் ஆள்பலம், இரண்டும் இருந்தால்தான் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஆட்கள் வெளியேறுவார்கள். போலீஸ் புகாரால் மட்டும் அது நடக்காது.

ஏழாம் மாதத்திலிருந்தே நீங்க செய்யக்கூடியது நிறைய இருக்கு. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ரத்தசோகை உள்ள உடம்பு, மற்றவர்கள் தாங்குகிற இழப்பைக்கூடத் தாங்காது. பிரசவம் பார்க்கிற இடத்தில் ரத்தம் கிடைக்குமா, இல்லையென்றால் எங்கிருந்து வரும் என்று கேளுங்க. 'உங்க ஹாஸ்பிட்டல்ல சிசேரியன் எவ்வளவு சதவிகிதம் டாக்டர்?' என்று கேட்பதிலும் தப்பில்லை. உங்க குரூப் ரத்தம் உள்ள இரண்டு நண்பர்களின் நம்பர் கணவர் போனிலும் அம்மா போனிலும் இருக்கட்டும். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், 2004லிருந்தே அந்த ஏற்பாடு உண்டு. அம்மாவோ அக்காவோ கூட இருக்கட்டும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன்னால் உங்களைப் பார்க்கச் சொல்லுங்க.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்குக் கவனம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாக ரத்தம் போனால், எழுந்தால் தலை சுற்றினால், 'தீட்டு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் யார் சொன்னாலும் 108-ஐக் கூப்பிடுங்க.