எண்ணாயிரத்தில் யாருக்கு நெல் அளந்தார்கள்?

ராஜேந்திர சோழன் பெயரை எடுத்தால் கங்கையும் கடாரமும் கூடவே வந்துவிடும். ஆடித் திருவாதிரை நெருங்கினால் யானை, கப்பல், புலிக்கொடி என்று கைப்பேசித் திரை நிறைந்துபோகும். அந்தக் கூட்டத்தில் ஒரு படம் மட்டும் கல்வியைப் பற்றிப் பேசும்: ‘உலகின் முதல் உண்டு உறைவிடப் பல்கலைக்கழகத்தை நடத்தியவன் தமிழன்.’ இது சரியல்ல. நாலந்தா ராஜேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. ஆனால், அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கல்வெட்டு உண்மை. அதைவிட, படித்துப் பார்க்கத் தகுந்தது.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் இருக்கிறது அது. அன்று ஊரின் பெயர் ராஜராஜச் சதுர்வேதிமங்கலம். ராஜேந்திரனின் (1014–1044) ஆட்சியில், அவன் ஆணைப்படி ஊர் மகாசபை 45 வேலி நிலத்தை ஒதுக்கிக் கல்லூரி ஒன்றுக்கும் மடத்துச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தது. மாணவர்கள் 340 பேர். இளையவர்கள் 270, மூத்தவர்கள் 70. ரிக் வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75, வாஜசனேயத்துக்கும் சாம வேதத்தின் இரண்டு சாகைகளுக்கும் இருபது இருபதாக 60, அதர்வத்துக்கு 10, போதாயன சூத்திரங்களுக்கு 10, ‘ரூபாவதாரம்’ என்ற இலக்கண நூலுக்கு 40 என்று இளையவர்களைப் பிரித்திருக்கிறார்கள். மூத்தவர்களில் 25 பேருக்கு வியாகரணம், 35 பேருக்குப் பிரபாகர மீமாம்சை, 10 பேருக்கு வேதாந்தம்.

அடுத்து வருவது சாப்பாட்டுக் கணக்கு. இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. 96 நாழி ஒரு கலம் என்று வைத்துக் கூட்டினால் மாணவர்களுக்கு மட்டும் தினமும் 24 கலத்துக்கு மேல் போகிறது. வேதாந்தம் சொல்லிக்கொடுத்தவருக்கு நாளுக்கு ஒரு கலம் ஒரு தூணி. மாணவனுக்கும் ஆசிரியருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதையும் அதே கல் சொல்லிவிடுகிறது.

மன்னனின் கல்விப் பற்று என்று நாம் பாராட்ட வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ‘கல்வியை வளர்த்தான்’ என்று ஒரு வரியில் மெய்க்கீர்த்தி பாடிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எந்த நிலத்து வருமானம், யார் பொறுப்பு, யாருக்கு எத்தனை நாழி என்று எல்லோர் கண்ணிலும் படும்படி கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். அரசன் ஆணையிட்டான், அன்றாடப் பொறுப்பு ஊர்ச் சபையுடையது. கல்வியாண்டு முடியும் தறுவாயில் உதவித்தொகை வந்துசேரும் காலத்தில், பேராசிரியர்கள் ஓய்வூதியத்துக்காகப் பந்தல் போட்டு உட்காரும் காலத்தில், இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ராஜேந்திரனோடு இது நின்றுவிடவும் இல்லை. மகன் ராஜாதிராஜன் காலத்தில், 1048இல், புதுச்சேரிப் பக்கத்துத் திரிபுவனையில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இருந்தது. படிப்பவர்களையும் படிப்பிப்பவர்களையும் ஊர் வாரியப் பணிகளுக்கு இழுக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று அலையும் இன்றைய பள்ளி ஆசிரியர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

இன்னொரு மகன் வீரராஜேந்திரன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் அறுபது பேர் தங்கிப் படித்த பள்ளி வருகிறது. படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் எல்லாவற்றுக்கும் நிவந்தம் உண்டு. பக்கத்திலேயே ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை. வைத்தியர், அறுவை செய்பவர், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வரைக்கும் யோசித்தவர்கள் விடுதி நடத்தத் தெரிந்தவர்கள்தான்.

இனி, அந்தப் படம் சொல்லாமல் விடுவது. எண்ணாயிரத்துப் பாடப் பட்டியலை மறுபடி பாருங்கள். வேதம், சூத்திரம், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். தொல்காப்பியமோ குறளோ அங்கே பாடமில்லை. படித்தவர்கள் பிராமணப் பிள்ளைகள். மற்றச் சாதியாருக்கும் பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை. 45 வேலியில் உழுது நெல்லை விளைவித்தவன் மகன் அந்தக் கல்லூரிக்குள் வந்து உட்கார்ந்திருக்க வழியே கிடையாது. ‘தமிழன் கட்டிய பல்கலைக்கழகம்’ என்று மார்தட்டுகிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தமிழைச் சோழர்கள் கைவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும் உடன் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல் கொடுத்தான் ராஜராஜன். எண்ணாயிரத்திலேயே திருவாய்மொழி பாடுவோருக்கு நெல் உண்டு. ஆனால், பாடுவதற்குக் கொடுத்த நெல் வேறு, பாடம் நடத்தக் கொடுத்த நெல் வேறு. தமிழ் இலக்கணம் வேறு இடங்களில் வாழ்ந்தது. ‘வீரசோழியம்’ வீரராஜேந்திரன் பெயரைத் தாங்கியிருந்தாலும் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். ‘யாப்பருங்கலக் காரிகை’ இயற்றிய அமிதசாகரர் சமணர். அவருக்கு ஆதரவு தந்தது ஒரு சிற்றரசர் குடும்பம் என்பது நீடூர்க் கல்வெட்டால் தெரிகிறது. அந்த நூலின் பெயரிலேயே காரிகைக் குளத்தூர் என்று ஓர் ஊர் வழங்கியது. பேரரசின் பெருங்கல்லூரியில் நுழையாத தமிழ் இலக்கணத்துக்காக ஓர் ஊரே பெயர் சூடியிருக்கிறது. பாடநூல்கள் சொல்ல வேண்டிய சுவையான கதை இது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசனை இன்றைய சமத்துவ அளவுகோலால் அளப்பது நியாயமா என்று கேட்கலாம். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. இன்றைய அளவுகோலால் புகழ்ந்து, அதே அளவுகோலால் குறை சொன்னால் மட்டும் கோபித்துக்கொள்வதுதான் நியாயமில்லை.

பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். சோழர் கால நிர்வாகத்துக்கு உத்தரமேரூர்க் குடவோலையைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்துவருகிறார்கள். அதன் பக்கத்திலேயே எண்ணாயிரத்துக் கணக்கையும் முழுசாக அச்சிடுங்கள்: எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர், யாருக்கு எத்தனை நாழி என்பது வரை. கீழே இரண்டு கேள்விகள் போதும். இந்த நெல் எங்கிருந்து வந்தது? இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் யார்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் இரண்டுக்கும் பதில் எழுத முடியும்.