வாட்டர்லூவை மேசையில் வைத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களா?



போன ஞாயிறு பின்னேரம் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து, தரம் 10, 11 பிள்ளைகளோடு வாட்டர்லூ சண்டையை மேசையில் ஆடினோம். அன்றிரவே ஊருக்குள் கதை கிளம்பிவிட்டது. "ஓ.எல். பிள்ளைகளை வைத்துப் பொம்மை விளையாடுறாங்க." "யுத்தம் படிப்பிக்கிறாங்க."

பொம்மை ஒன்றும் இல்லை. வெளிநாடுகளில் நிறம் பூசிய சின்னச் சிப்பாய்களை வைத்து ஆடுவார்கள். அதற்கு எங்களிடம் காசில்லை. சோடா மூடியும் மட்டைத் துண்டும்தான். 1824இல் பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க எடுத்த விளையாட்டிலும் வெறும் கட்டைகள்தான் இருந்தன.

யுத்தம் என்ற கதை வேறு. அதைக் கண்டு, வீடுவாசலை விட்டு ஓடிய ஆட்கள் கேட்டால் நாங்கள் வாய் மூடிக் கேட்போம். ஆனால் கேட்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில், பிள்ளை சாமம் வரை போனில் சுட்டுக்கொண்டு கிடக்கிறது? அங்கே செத்தவன் அடுத்த நிமிடம் எழும்பி ஓடுவான். எங்கள் மேசையில் எடுத்த மூடி திரும்பி வராது. ஆட்டம் முடிந்ததும் கூடையில் விழுந்த மூடிகளைப் பிள்ளைகளையே எண்ணச் சொன்னோம். 1815 ஜூன் 18, ஒரே நாளில், சில கிலோமீற்றர் அகலமான வயல்வெளியில், செத்தும் காயப்பட்டும் விழுந்தவர்கள் 40,000க்கும் மேல். எண்ணும்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்ஷல் நெய்யாக நின்ற பிள்ளை கெட்டிக்காரன். சதுரமாக நிற்கும் காலாட்படைக்கு முன்னால் குதிரைப்படை மட்டும் போனால் பலிக்காது என்று முதலே சொல்லியிருந்தோம். மேட்டுக்குப் பின்னால் இருந்த மூடிகளை மறைத்துவிட்டோம். எதிரி பின்வாங்குகிறான் என்று நினைத்துக் குதிரையை அனுப்பினான். நெய் செய்ததும் அதுதான். குரூஷியாக இருந்தவனைப் பக்கத்து வகுப்பில் இருத்தி, கட்டளைச் சீட்டைப் பிந்தியே அனுப்பினோம். கடைசியில் அழாத குறையாக வந்து நின்றான்: "சேர், எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாரும் என்னையே குற்றம் சொல்றாங்க." நோட்ஸில் குரூஷிக்கு ஒரு வரி. அந்த வரிக்குள் ஒரு மனிதன் இருந்தான் என்று எந்த டியூஷனில் சொல்லித் தருவீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி, அந்தச் சண்டையில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி விசாரித்து, மாலை ஏழு மணியளவில் களம் இருந்த நிலையைப் பெரிய மாதிரியாகச் செய்தார். 1838இல் அது லண்டனில் காட்சிக்கு வந்தது. பிரஷ்யப் படை அதில் பெரிதாகத் தெரிந்தது வெலிங்டன் பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை. பிறகு சைபோர்னே பிரஷ்யச் சிப்பாய்களில் கனபேரைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார். இதைக் கேட்டு ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப வந்தவங்க வரல்லையா, மிஸ்?" வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று நாங்கள் எத்தனை வருடம் படிப்பித்தும் வராத கேள்வி அது.

தூரத்துக் கதை என்று சொல்லவும் வேண்டாம். 1795இல் பிரான்ஸ் ஒல்லாந்துக்குள் புகுந்தபடியால்தான், அடுத்த வருடம் நம் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே வெலிங்டன், 1800 கடைசியில் திருகோணமலையில் படை சேர்த்தபடி நின்றவர்.

பரீட்சை நெருங்கினால் நிறுத்துவோம். அதில் எங்களுக்கும் பயம் இருக்கிறது. வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு திரும்ப ஆடுகிறோம். குறை சொன்ன வாப்பாமார் வரலாம். புளூஷருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.