வாழ்த்து வேண்டாம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். சென்ற மாதம் ஏறியபோது பாதி மலையில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் எங்கள் பேருந்து அசையவில்லை. சிக்னலும் இல்லை. உடனே எல்லோரும் செல்போனை மடியில் போட்டுவிட்டு மனம் திறந்து பேசினார்கள் என்று எழுத ஆசைதான், தலையங்கத்துக்கு வாகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலர் இறக்கி வைத்திருந்த படத்தைப் பார்த்தார்கள், மிச்சப் பேர் தூங்கினார்கள். பேசியது என் பக்கத்து இருக்கை அம்மா மட்டும். அவர் சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பேசிக்கொண்டுதான் வந்தார்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் அவர். கேரளத்து மலையாளி அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்தார். இன்று அம்மாவின் மகன் காப்பி பறிக்கக் குடகுக்குப் போயிருக்கிறான். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவானாம்.

“என்ன பேசுவான்?”

“எப்ப வர்றேன்னு சொல்லுவான். வேற என்ன?”

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. சுற்றுக் கிராமத்து ஆட்கள் எந்தச் சீமையில் இருந்தாலும் அதற்கு வந்துவிடப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் செல்போனுக்கு அவ்வளவுதான் வேலை: வரப்போகும் ஆள் வருமுன் குரல் கொடுப்பது.

என் செல்போன் என்ன செய்கிறது என்று யோசித்தேன். இரண்டு மாதத்துக்கு முன் ஆத்தூர் நண்பரின் தகப்பனார் தவறிப்போனார். கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். ஆத்தூர் சேலத்திலிருந்து ஒரு மணி நேரம். துக்க வீட்டில் பேசக்கூட வேண்டாம். பந்தலில் போட்டிருக்கும் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் எழுந்து வந்தால் போதும். தமிழில் ‘வருகிறேன்’ சொல்லக்கூடாத இடம் அது. நான் அதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் வேறு, போகவே இல்லை. நண்பர் ‘நன்றி’ என்று பதில் போட்டிருந்தார். அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

நேரில் போனவர்களும் உண்டு. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனவர். அதைத் தியாகம் என்று மேடையில் கண்கலங்குகிறோம். வாசகன் முகத்தைப் பார்த்த சுகமும் அதில் இருந்திருக்கும், அதை யாரும் சொல்வதில்லை. நம் இதழின் வாட்ஸ்அப் குழுவில் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் நான் முகம் பார்த்தவர்கள் இருபது பேர் தேறுவார்களா என்பது சந்தேகம்.

அன்று லாரி விலகி, ஊர் போய்ச் சேர்ந்ததும் சேர்வராயன் கோயிலுக்கும் போனேன். 5,326 அடி உயரத்தில் குகைக்குள் இருக்கும் சாமி. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டு. முன்னால் போனவரின் முதுகில் கை வைத்துக்கொண்டு நடந்தேன். யாரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வரும் மே மாதம், திருவிழாவை ஒட்டி, வாசகர் கூடுகை ஏற்காட்டில். தங்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. வருகிறவர்கள் முன்கூட்டி போன் செய்யுங்கள், உலை வைக்க ஆள் கணக்குத் தெரிய வேண்டும். வர முடியாதவர்கள் தயவுசெய்து வாழ்த்து அனுப்ப வேண்டாம்.